இசையா? மாட்டு வைத்தியமா? வரிசை தவறினால் இரண்டும் போகும்!



போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் ஓர் அத்தா நம்மிடம் கேட்ட கேள்வி இது: "மகன் பத்தாவது முடிச்சிருக்கான், பாய். கீபோர்டு நல்லா வாசிக்கிறான். ஆனா மாட்டு டாக்டராகணுமாம். முதல்ல இசையில பட்டம் வாங்குவானாம், அதோட சேர்த்து கால்நடைப் படிப்புக்கும் தயாராவானாம். அமெரிக்காவுல அப்படித்தான் படிக்கிறாங்களாம். நடக்கிற காரியமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் உட்காரு, இல்லையென்றால் வளைகுடாவுக்கு விமானம் ஏறு என்ற இரண்டே வழி தெரிந்த ஊரில், மூன்றாவது வழியைக் கேட்கிறான் ஒரு பையன். அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டாமா?

அமெரிக்காவைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான். அங்கே பொதுவாக முதலில் ஏதேனும் ஒரு பட்டம். அது இசையாகவும் இருக்கலாம். கூடவே உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை முடித்தால் நான்காண்டு கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

நம் ஊர்க் கதை வேறு! இங்கே வாசல் பிளஸ் டூவில்தான் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களை நிரப்புவது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும் நீட் வேண்டும். இசையில் நீ தங்கப் பதக்கமே வாங்கினாலும் அந்த 200-ல் ஒரு புள்ளி கூடாது, தம்பி. பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை விட்டவனுக்கு அந்த வாசலே இல்லை.

சேர்ந்த பிறகு சேர்த்துப் படிக்கலாமா? ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அறிவித்தது. ஆனால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. தொழிற்படிப்பென்றால் அந்தந்தக் கவுன்சிலின் விதியும் இடம் தர வேண்டும். கால்நடை மருத்துவமோ ஐந்தரை ஆண்டு, அதில் ஓராண்டு பயிற்சி. மாடு கன்று ஈனுவதற்கு நேரம் காலம் பார்க்காது!

அப்படியானால் கீபோர்டைப் பரணில் போட்டு விடுவதா? வேண்டாம், அத்தாமார்களே. இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1761-ல் நிறுவப்பட்டது. அதே 1761-ல் ஆஸ்திரியாவின் அவுன்புருக்கர் என்ற மருத்துவர், நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே இருப்பதை அறியலாம் என்று நூல் எழுதினார். அவர் ஒரு சத்திரக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி மட்டம் பார்க்கும் வழக்கமே இதற்கு வழிகாட்டியது என்பார்கள். இசையில் ஊறியவர், சலியேரி இசையமைத்த இசை நாடகத்துக்கு உரை எழுதிக் கொடுத்தவர். 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் புல்லாங்குழல் வாசிப்பவர். தேங்காயைத் தட்டியே முற்றலைச் சொல்கிற நம் மண்டி வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாட்டு வைத்தியத்தில் இந்தக் காது இன்னும் பெரிய முதல். மாடு வாய் திறந்து நோவைச் சொல்லுமா? வயிறு உப்பினால் இடப்பக்கம் தட்டும்போது தம்பட்டம் போல் ஒலிக்கும். நான்காவது இரைப்பை காற்றடைத்து இடம் மாறினால், விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து விரலால் சுண்டுகையில் உலோகத்தைத் தட்டியது போல் 'டிங்' என்று கேட்கும். சுருதி பழகிய காது அதைத் தவற விடுமா?

இசை கூடுமா, கூடாதா என்று சிலர் இந்நேரம் பேனாவை எடுத்திருப்பார்கள். அதை ஆலிம்களிடம் கேளுங்கள். நாம் பேசுவது படிப்பின் வரிசையை.

அந்த வரிசையில் இசைக்குப் பின்கதவும் உண்டு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளில் எட்டு கிரேடு. அதற்கு வயது வரம்பில்லை, கல்லூரியில் சேர வேண்டியதும் இல்லை, தமிழ்நாட்டிலேயே எழுதலாம். இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றது அந்த டிரினிட்டியில்தான். மருத்துவரான பிறகும் இசைப் பட்டம் படிக்கலாம். பட்டத்துக்குப் பிறகு உயிரியலுக்குத் திரும்புவதுதான் இங்கே முடியாத காரியம்.

கல்லூரிக்கு வேப்பேரி வரை போக வேண்டியதில்லை. தேனியிலேயே 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்து விட்டது. 2007-ல் சட்டமான பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம் இதற்கும் பொருந்தும். அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீதம் தனி. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? குரங்கணி, கொட்டகுடி மலைக்குச் சுமை ஏற்றிய குதிரையும் கழுதையும், அடிவாரத்து மலைமாடும் நோய்ப்பட்டால் யாரைத் தேடுவது?

அந்த அத்தாவிடம் சொன்னோம்: பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் அறிவியல் பிரிவை எழுதுங்கள், உயிரியல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். கீபோர்டு வகுப்புக்கான பணத்தையும் நிறுத்தாதீர்கள்.

"மாசம் எவ்வளவு ஆகும்?" என்றார். வியாபாரி அல்லவா!