கோட்டை மட்டும்தானா கற்பிட்டி?



கற்பிட்டியைப் பற்றி யார் எழுதினாலும் ஒல்லாந்தர் கோட்டையில் தொடங்குகிறார்கள். டொல்பினிலும் கைட் சர்ஃபிங்கிலும் முடிக்கிறார்கள். இடையில் வாழ்ந்த நாம் எங்கே?

1659 இல் ஒல்லாந்தர் இந்த ஊரைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தார்கள். 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டினார்கள். வெறும் மணல்திட்டியைக் காக்கவா? இல்லை. கண்டி இராச்சியத்துப் பண்டங்கள் புத்தளம் களப்பு வழியாகக் கடலுக்குப் போகும் வாசல் இது. அந்த வாசலைப் பூட்டத்தான் கோட்டை. அப்படியென்றால் பூட்டு வருவதற்கு முன்பே இங்கே வியாபாரம் இருந்தது, தோணி இருந்தது, தோணி ஓட்டியவர்களும் இருந்தார்கள். 1344 இல் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாளா’ நம் பக்கத்துப் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

சிலர் நம்மை ‘மரக்கல’ என்று ஏளனமாகச் சொல்கிறார்கள். நாமும் கூனிக் குறுகுகிறோம். மரக்கலம் என்றால் கப்பல். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் பழியை வெளியார் மீது மட்டும் போடாதீர்கள். பழைய பள்ளிவாசல் தூண்களை இடித்து டைல்ஸ் பதித்தது யார்? மையவாடியில் எழுத்துள்ள மீஸான் கற்களைப் பிடுங்கி எறிந்தது யார்? உம்மும்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கறையானுக்குக் கொடுத்தது யார்? நாம்தான். வெள்ளைக்காரன் அல்ல.

இதே ஊரில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கை ஊர்களின் விவரங்களைத் திரட்டி 1834 இல் ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். அவர் முஸ்லிம் அல்ல. ஆனால் நம் ஊர்க்காரர். வகுப்பில் அவர் பெயரைக் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. வாடை, கச்சான், சோழகம், கொண்டல் எந்தத் திசைக் காற்று என்று கேட்டோம். மீனவர் பிள்ளைகள் இருவர் மட்டுமே சொன்னார்கள்.

நிர்வாகத்தினரே, இடிக்குமுன் படமாவது எடுங்கள், அளவாவது குறியுங்கள். பெற்றோரே, பழைய கிதாபு, உறுதி, கடிதம் எதையும் எரிக்காதீர்கள். ஆசிரியர்களே, கடலுக்குப் போன மூத்தவர்களிடம் பிள்ளைகளை அனுப்பி எழுத வையுங்கள். அவர்கள் மௌத்தானால் அதுவும் போய்விடும்.

“நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்று நாளை கேட்பார்கள். அப்போது காட்டுவதற்கு நம்மிடம் டைல்ஸ் மட்டும்தான் இருக்குமா?