மரத்தில் இருப்பது மரத்திலேயே இருக்கட்டும்

ஆர்க்கிட் வளர்ப்பது கஷ்டம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆர்க்கிட்டைக் கொல்வதுதான் கஷ்டம். அதற்கு நிறைய தண்ணீர், நிறைய செம்மண், நிறைய பாசம் மூன்றும் வேண்டும். நம் வீடுகளில் மூன்றுக்கும் பஞ்சமில்லை என்பதால் அது பாட்டுக்குச் செத்துக்கொண்டிருக்கிறது.

'செத்தா என்ன சார், ஒரு செடிதானே' என்பீர்கள். அது எங்கிருந்து வந்த செடி என்பதைப் பொறுத்தது. இந்த வாரம் என் சண்டை அதைப் பற்றித்தான்.

மலைப்பாதைகளில் பார்த்திருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் ஒரு தார்ப்பாய்க் கடை. கேரட் கட்டு, பிளம்ஸ், மலைத்தேன். ஓரத்தில் ஈரச் சாக்கில் சுற்றி, வேரில் பாசியும் மரப்பட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கும் சில கொத்துகள். 'ஆர்க்கிட் சார், காட்டுது சார்!' அந்தக் 'காட்டுது' என்ற வார்த்தைதான் விளம்பரமே. நாட்டுக்கோழி மாதிரி, செக்கு எண்ணெய் மாதிரி, ஏதோ ஒரிஜினல் சரக்கு என்று நாமும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்கிறோம்.

தயவுசெய்து வாங்காதீர்கள். நீங்கள் வாங்குவது செடி இல்லை, காட்டிலிருந்து பிய்த்த ஒரு துண்டு.

மிகைப்படுத்தவில்லை. ஆர்க்கிட் காயைப் பிளந்தால் உள்ளே இருப்பது விதையா, முகப்பவுடரா என்று சந்தேகம் வரும். ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்குள், அவரைக்குள் இருப்பது போல் வழிச்சாப்பாடு எதுவும் அதற்குள் கிடையாது. காற்றில் பறந்து சரியான மரத்தின் சரியான பட்டையில் விழ வேண்டும். அங்கே அதற்கு ஏற்ற பூஞ்சைக் காளான் இருக்க வேண்டும். அது ஊட்டினால்தான் முளைக்கும். இந்த லாட்டரியில் லட்சத்தில் ஒன்று தேறி, பூக்கிற வயதுக்கு வர மூன்றிலிருந்து ஏழு வருஷம் ஆகலாம். அதைத்தான் பேரம் பேசி, பஜ்ஜி சாப்பிட்ட மீதிச் சில்லறைக்கு வாங்கிவருகிறோம்.

இந்தப் பைத்தியம் புதிதல்ல. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆர்க்கிட் ஜுரம் பிடித்து ஆட்டியது. பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளுக்காக ஆட்களை உலகமெல்லாம் அனுப்பினார்கள். அப்படிப் போன ஆல்பர்ட் மில்லிகன், கொலம்பியாவில் சுமார் பத்தாயிரம் செடிகளுக்காக நாலாயிரம் மரங்களை வெட்டிய கதையை 1891-ல் வெளியான தன் புத்தகத்தில் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். ஏறிப் பறிக்கச் சோம்பல், அதனால் மரத்தையே சாய்த்தார்கள்!

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு ஓய்வெடுக்க முடியாது. நம் வாசலுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே நிற்கும் அகத்தியமலையில் ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு. பெயர் பாஃபியோபெடிலம் துருரியி. மஞ்சள் பூ, நடுவில் பழுப்புக் கோடு. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட் இனம் இதுதான். இயற்கையாக உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சேகரிப்பவர்கள் அள்ளியது போக, காட்டுத்தீ தின்றது போக, இன்று 'மிக ஆபத்தான நிலை' என்ற சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அதன் மேல் ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் பூவை ரசிக்கத் தெரிந்த படித்த மனிதர்கள்தான்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லிருந்து இருக்கிறது. காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் செடியை எடுப்பது குற்றம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நீல வாண்டாவும் செருப்பு ஆர்க்கிட்களும் பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கின்றன. பன்னாட்டு வணிகத்தில் ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. ஆனால் வளைவுக்கு வளைவு ஒரு வனக்காவலரை நிறுத்த முடியாது. கடைசிக் காவலர் உங்கள் பர்ஸ்தான்.

'பாவம், அந்தப் பையன் பிழைப்பு?' நியாயமான கேள்வி. அவனிடம் கேரட் வாங்குங்கள், தேன் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். அடுத்த வருஷமும் விற்கலாம். மரத்தில் உள்ளதை எல்லாம் உரித்து விற்றபின் அவனுக்கு என்ன மிச்சம்? இரக்கப்படுகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

'நான் எடுத்துப்போய்க் காப்பாற்றுகிறேனே' என்பது அடுத்த வாதம். காப்பாற்ற மாட்டீர்கள். நீலகிரி, பழனிமலைச் சோலைகளில் பஞ்சு மாதிரி பாசியில், பனியில் வாழ்ந்த வெள்ளைப் பூ சீலோஜைனை வேர் அறுத்துக் கொண்டுவந்து அண்ணா நகர் பால்கனியில் மே மாசம் தொங்கவிட்டால் அது பூக்காது, கருவாடு ஆகும். பிறகு 'ஆர்க்கிட் நமக்கு ராசியில்லை' என்று ஜாதகத்தின் மேல் பழி!

இத்தனைக்கும் காட்டைத் தொடவே அவசியமில்லை என்பதுதான் எரிச்சல். 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர், காளான் இல்லாமலே சர்க்கரைக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டிவிட்டார். 1960-ல் ஜார்ஜ் மொரெல் என்ற பிரெஞ்சுக்காரர், குருத்து நுனியிலிருந்து ஒன்றைப் பலவாக்கும் வழியைச் சொன்னார். கல்யாண மேடையில் ஊதா நிறத்தில் வரிசைகட்டும் டெண்ட்ரோபியம் எல்லாம் இப்படி நாற்றங்காலில் பெருக்கியவைதான். நல்ல நர்சரியில் இந்த ரகங்கள் கிடைக்கின்றன. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். வளர்த்த செடிகள் ஒரே வயசு, ஒரே உயரம், சின்ன பிளாஸ்டிக் தொட்டி, பெயர்ச்சீட்டோடு இருக்கும். காட்டுச் செடியில் வேர் அறுந்திருக்கும், இலையில் பூச்சி கடித்த ஓட்டை, வேரோடு மரப்பட்டை இருக்கும். பெயர் கேட்டால் 'ஆர்க்கிட்தான் சார்' என்பார்கள்.

எதை வாங்குவது? உங்கள் ஊரின் ராத்திரியைக் கேளுங்கள். சென்னை, மதுரை, திருச்சிவாசிகளுக்கு டெண்ட்ரோபியம் கலப்பினங்களும் வாண்டாவும். வெயில் தாங்கும், பாதி நிழல் தரும் பச்சை வலை போதும். புதுமனைப் புகுவிழாவுக்குப் பரிசாக வரும் பட்டாம்பூச்சிப் பூ ஃபெலனாப்சிஸ் வேறு கட்சி. அது மறுபடி மொட்டு விட, சில வாரங்களாவது 25, 26 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். மார்கழி, தையில் ஒரு வாய்ப்பு உண்டு. மற்றபடி இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிம்பிடியம் என்று ஆசை காட்டினால், ஊட்டியில் வீடு இருந்தால் மட்டும் பர்ஸைத் திறக்கவும்.

தொட்டியில் மண் போடாதீர்கள். ஒரு கைப்பிடிகூட. இவை மரத்தில் தொற்றி வாழ்பவை. (தொற்றி, உறிஞ்சி அல்ல! புல்லுருவி மரத்தின் சாற்றைக் குடிக்கும். ஆர்க்கிட் மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.) வேருக்குக் காற்று வேண்டும். உடைந்த ஓடு, அடுப்புக்கரி, சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டு, இவ்வளவே. வாண்டாவுக்கு வெறும் மரக்கூடையே போதும்.

தண்ணீர் எப்போது? வேரே சொல்லும். காய்ந்தால் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும், நனைந்தால் பச்சையாகும். வெளுத்த பிறகு, காலையில், அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். அடியில் தட்டு வைத்துத் தேக்காதீர்கள். உப்புப் போர்த் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் உத்தமம். உரத்தைக் கஷாயமாக இல்லாமல் தீர்த்தம் மாதிரி கொடுங்கள். வாரம் ஒருமுறை, லிட்டருக்கு ஒரு கிராம்.

இவ்வளவுதான் ரகசியம். ஒரு தேங்காய் மட்டையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியத்துக்கு எதற்கு ஒரு சோலையை உரிக்க வேண்டும்?

காட்டு ஆர்க்கிட் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஏற்காட்டுக்குப் போங்கள். தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அசாமில் பிஹு சமயம் பெண்கள் நரிவால் ஆர்க்கிட்டைத் தலையில் சூடுவார்கள். கோபௌ பூ என்று பெயர். அதே இனம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மரக்கிளைகளில் தொங்குகிறது. அண்ணாந்து பாருங்கள், போட்டோ எடுங்கள், கழுத்து வலிக்கட்டும்.

திரும்பும் வழியில் சாக்குக்குள்ளிருந்து 'காட்டுது சார்' என்று குரல் வந்தால், 'அப்ப காட்டுலயே இருக்கட்டும்ப்பா' என்று சொல்லுங்கள். நாலு பேர் சொல்லட்டும், நாற்பது பேர் சொல்லட்டும். விற்காத சரக்கை மரம் ஏறிப் பறிக்க யாருக்கும் பைத்தியமில்லை.