எப்பவும் போல!

பி.காம். படித்தவன் என்றால் ஊரில் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, இவனுக்கு இன்கம்டாக்ஸ் தெரியும். இரண்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியும். முதலாவதை நம்பி வந்தவர்கள் எப்படியோ தப்பித்துவிட்டார்கள். இரண்டாவதை நம்பி வந்தவர்தான் எதிர் வீட்டு அக்கா.

எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகை. கும்மிடிப்பூண்டி தாலுகா. ஒரு பக்கம் சிப்காட், டயர் ஃபேக்டரி. இன்னொரு பக்கம் 2020-ல் திறந்த நீர்த்தேக்கம். நடுவில் அடியேன், சின்னச் சின்ன கான்ட்ராக்டர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக்கொண்டு.

"தம்பி, இது கண்ணே தொறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாரேன்."

மஞ்சப் பையிலிருந்து வெளியே வந்தது ஒரு லேப்டாப். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று நம்ம திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில் தொடங்கிவைத்தார்களே, விலையில்லா லேப்டாப் திட்டம், அதன் முதல் வருஷத்துச் சரக்கு. ப்ளஸ் டூ படித்த மகள் வாங்கி வந்தது. மகளுக்குக் கல்யாணமாகி, பேரனே பள்ளிக்கூடம் போகிறான். லேப்டாப் மட்டும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதை வைத்துக் கணக்கு எழுதியவர் அக்காவின் வீட்டுக்காரர். சிப்காட் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டினார். வேனில் சீட் பிடித்தவர்கள் அவரிடம் சீட்டும் பிடித்தார்கள். தீபாவளிச் சீட்டு, மாதம் ஐந்நூறு, இருபத்தாறு பேர். கார்த்திகையில் ஆரம்பித்தது. சித்திரையில், மாரடைப்பில், அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். "நான் ஆறு மாசம் கட்டியிருக்கேன் அக்கா", "நான் அஞ்சு". அக்கா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 69,000. சீட்டுக்கென்று அண்ணன் வைத்திருந்த பாஸ்புக்கில் 61,500. ஏழாயிரத்து ஐந்நூறு இடிக்கிறது. யார் எத்தனை மாதம் கட்டினார் என்ற விவரம் இந்த லேப்டாப்புக்குள்.

"ஏழாயிரம் பெரிசில்ல தம்பி. கம்மலை வெச்சாவது குடுத்துருவேன். ஆனா அவரு யாரு காசையும் தின்னுட்டுப் போகலன்னு தெரியணும்."

இதற்கப்புறம் 'எனக்கு ரிப்பேர் தெரியாது' என்று சொல்ல முடியுமா?

வரிசையாகப் பார்ப்போம். உங்கள் வீட்டுப் பரணில் தூங்கும் பழசுக்கும் இதே வரிசைதான்.

முதலில் கரன்ட். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கிற கரன்ட் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். பாதி நோயாளிகள் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நம்ம கேஸ் எழவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் அமாவாசை.

அப்படியென்றால் சந்தேகம் ராம் மீது. மெஷின் எழுந்ததும் முதல் வேலையாகத் தன் உடம்பைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளும். ராம் தட்டுப்படவில்லை என்றால் திரையில் சொல்லக்கூட அதற்குத் தெம்பிருக்காது. டெஸ்க்டாப்பாக இருந்தால் 'பீப் பீப்' என்று முனகும். மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அடிமூடியைத் திறந்து, ராம் பட்டையை எடுத்து, அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதி, 'க்ளிக்' என்று மாட்டினேன். ரிச்சி தெருவில் ஆயுசு பூராவும் உட்கார்ந்தவர்களுக்கும் முதல் வைத்தியம் அழிரப்பர்தான். திரையில் வெளிச்சம்!

வெளிச்சத்தோடு ஒரு தேதியும் வந்தது. ஜனவரி 1, 2010. லேப்டாப் தான் பிறப்பதற்கு முந்தைய காலத்துக்கே போய்விட்டது. உள்ளே ரூபாய் வில்லை போல ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர். 2032. குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2, அதுதான் அந்த நம்பர். கரன்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது இந்த 3 வோல்ட்தான். அது செத்தால் தேதி போய்விடும். தேதி தப்பானால் நெட்டில் பாங்க் சைட்டெல்லாம் 'நம்பத்தகாத இடம்' என்று அலறும். பாங்கைத் திட்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில லேப்டாப்பில் மட்டும் ஒயர் வைத்தது தேவைப்படும்.

பேட்டரி மாற்றியாயிற்று. அடுத்து, 'டிஸ்க்கை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. எந்த டிஸ்க்? பார்த்தால், பக்கவாட்டில் வேனில் பாட்டுப் போடுகிற பென் டிரைவ் சொருகியபடியே இருக்கிறது! பேட்டரி செத்ததில் பழைய செட்டிங் மறந்துபோய், மெஷின் விண்டோஸை அந்தப் பாட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஆடி அசைந்து வந்தது. (பாதியில் நின்றால், ஆன் செய்த உடனே எஃப்8-ஐத் தட்டி சேஃப் மோடில் நுழைந்து பாருங்கள். பின்னால் வந்த விண்டோஸில் இந்தத் தட்டு செல்லாது.)

இத்தனைக்கும் மொத்தச் செலவு ஒரு பேட்டரி, அரை அழிரப்பர். மார்பு விரிந்தது. மறு நிமிஷம் சுருங்கியது.

பாஸ்வேர்டு!

மகள் பெயர், பேரன் பெயர், வேன் நம்பர், குலதெய்வம் எல்லாம் போட்டாயிற்று. கேப்ஸ் லாக் பார்த்தேன். நம் லாக்கும் பார்க்க வேண்டும். சின்ன லேப்டாப்பில் அது ஆனாகிவிட்டால் ஜே, கே, எல் எல்லாம் 1, 2, 3 ஆகிவிடும். புள்ளியாகத் தெரிவதால் நமக்குப் புரியவே புரியாது. இரண்டும் சரியாகவே இருந்தன. நாலு தடவை தப்பான பிறகு, அண்ணன் எழுதிவைத்திருந்த ஹின்ட் கண்ணில் பட்டது.

'எப்பவும் போல.'

அக்காவைப் பார்த்தேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்னு நெனச்சிருக்காரு, பாவம்."

பாஸ்வேர்டு என்ற சமாசாரமே இப்படித்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று பிரித்து, பாஸ்வேர்டு வைத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. 1962-ல் பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலையே பிரின்ட் எடுக்கச் சொல்லி மெஷினுக்கு ஓர் அட்டையைக் கொடுத்தார். அதுவும் சமர்த்தாக அடித்துக் கொடுத்துவிட்டது. பூட்டு வந்த கையோடு கள்ளச்சாவியும் வந்தாயிற்று.

எனக்கும் அப்படி ஒரு வழி ஞாபகம் வந்தது. இந்த மாதிரி பழைய மெஷினில் பாஸ்வேர்டு என்பது வாசல் கதவு மட்டும்தான். பீரோவுக்குப் பூட்டுக் கிடையாது. பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்து மெஷினைக் கிளப்பினால், விண்டோஸை எழுப்பாமலே ஹார்டு டிஸ்க்கைப் படிக்கலாம். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொன்ன பிறகே செய்தேன். பிறத்தியார் மெஷினில் இதைச் செய்தால் அதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை ஸார், திருட்டு.

ஃபைலின் பெயர் 'வேன் சீட்டு'. வரிசையாக இருபத்தாறு பெயர், மாதவாரியாக டிக். கூட்டிப் பார்த்தேன். பி.காம். ஆயிற்றே, இரண்டு தடவை கூட்டினேன். 61,500. பாஸ்புக்கோடு ஒரு ரூபாய் வித்தியாசமில்லை.

பலர் ஒரு மாதம், இரண்டு மாதம் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் கூட்டும். ஆனால் வந்து கேட்காத ஒரு பெயரும் இருந்தது. ஒடிசாக்காரப் பையன், நாலு மாதம் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டவன். பெயருக்கு எதிரே போன் நம்பர். அக்கா முதலில் அனுப்பிய பணம் அந்த இரண்டாயிரம்தான். மற்றவர்களுக்கு லிஸ்டை பிரின்ட் எடுத்துக் காட்டினோம். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒருவர் மட்டும் அண்ணன் படத்துக்குப் பூ வாங்கி வந்தார்.

மெஷின் கிளம்பாதது மெஷினின் பிரச்னை. அழிரப்பரில் தீரும். உள்ளே விடாதது நம்முடைய பிரச்னை. அதற்குக் கடையில் பேட்டரி கிடைக்காது. இன்றைய லேப்டாப் பலவற்றில் டிஸ்க்கையே பூட்டி வைத்திருக்கிறார்கள். என் பென் டிரைவ் வித்தை அங்கே பலிக்காது. ரெக்கவரி கீ இல்லையென்றால் பிரம்மா வந்தாலும் திறக்காது. ஆகவே, ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லுங்கள். பழசை எடைக்குப் போடுவதானால் மட்டும், உள்ளே இருப்பதை முழுசாக அழித்துவிட்டுப் போடுங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோஸாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. அதை நெட் பக்கம் விடாதீர்கள். கணக்கு எழுத, பாட்டுக் கேட்க, தாராளம்.

அன்று ராத்திரியே என் பாஸ்வேர்டை எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் பேப்பரைப் பிரிக்கக்கூட இல்லை.

"அந்த நடிகை பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. மூணு வருஷமாத் தெரியும். எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்."

இப்போது மாற்றிவிட்டேன். ஹின்ட் வேண்டுமா?

எப்பவும் போல!