பல நாட்டார் கூடும் விருந்து

கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று லண்டனிலும் மெல்போர்னிலும் டொராண்டோவிலும் வாழ்ந்து வருகின்றனர். அங்கே பல நாட்டு நண்பர்கள் ஒரு பொருளைக் குறித்துக்கொண்டு, அதனையொட்டி விருந்து நடத்துவது வழக்கமாகியிருக்கிறது. 'அரிசி' என்று குறித்தால், ஈரானியர் அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகிய சோறு கொண்டுவருவார். நைஜீரியர் தக்காளியும் மிளகாயும் சேர்ந்த ஜொல்லோஃப் கொண்டுவருவார். மலாய்க்காரர் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் கொண்டுவருவார். நம் பிள்ளை நெய்ச்சோறும் தாளிச்சாவும் சமைப்பான்.

இத்தகைய விருந்தில் நம் பிள்ளைகள் கலந்துகொள்ளலாமா என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். ஒதுங்கியிருப்பதே பாதுகாப்பு என்பர் சிலர். ஊரோடு ஒத்துப்போ, எதையும் கேளாதே என்பர் வேறு சிலர். இவ்விரண்டுமே சரியான வழி அல்ல. இனங்கள் பலவாக இருப்பது பெருமை பேசுவதற்கன்று, அறிமுகம் கொள்வதற்கே எனத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. எனவே, நம் பிள்ளைகள் தாமே முன்வந்து விருந்தளிப்பதுதான் சிறந்தது என்பேன்.

விருந்தளிப்பவனுக்கு ஓர் உரிமை உண்டு. தன் வீட்டில் எது பரிமாறப்படும், எது பரிமாறப்படாது என்பதை அவனே வகுக்கலாம். மது வைக்கப்பட்ட விரிப்பில் அமர வேண்டாமென நபிமொழி தடுத்திருப்பதால், 'என் இல்லத்தில் மது இல்லை' என்று அழைக்கும்போதே இன்முகத்துடன் சொல்லிவிடலாம். ஜப்பானியச் சமையலில் சேர்க்கப்படும் மிரின் என்பது அரிசி மது என்பதும், இனிப்புகளில் கலக்கும் ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பதும் கொண்டுவரும் நண்பருக்குத் தோன்றாமல் போகலாம். இறைச்சி ஹலாலானதா என்பதும் அவ்வாறே. மீனோ காய்கறியோ சேர்த்துச் சமைத்து வருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் எவரும் வருந்தார். மேசையில் வைத்த பின் முகம் சுளிப்பதே மனத்தைப் புண்படுத்தும்.

ஆனால், நம் விலக்குகளை மற்றவர் மதிக்க வேண்டுமென எதிர்பார்க்கும் நாம், அவர்களுடைய விலக்குகளை மதிக்கின்றோமா? வெங்காயமும் பூண்டும் தொடாத சமண நண்பர் இருப்பார். மாட்டிறைச்சி உண்ணாத இந்து நண்பர் இருப்பார். சைவ உணவினருக்குத் தனிப் பாத்திரமும் தனி அகப்பையும் வைக்கின்றோமா? 'குழம்பை மட்டும் ஊற்றிக்கொள், இறைச்சித் துண்டை ஒதுக்கிவிடு' என்று அவரிடம் சொல்வது விருந்தோம்பல் ஆகுமா? பன்றி இறைச்சியை ஒதுக்கிவிட்டு உண்ணுமாறு நம்மிடம் ஒருவர் சொன்னால் நாம் பொறுப்போமா? தாம் வைத்த உணவை நோக்கி விருந்தினரின் கை நீளாதது கண்டு இப்ராஹீம் (அலை) அவர்கள் கலங்கியதைத் திருமறை எடுத்துரைக்கிறது. அந்தக் கலக்கம் விருந்தளிக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

எத்தியோப்பிய வைதிகக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி நாள்களில் இறைச்சியும் பாலும் தவிர்த்து நோன்பிருப்பவர்கள். நாம் ஜும்ஆ நாளின் மகிழ்ச்சியில் பிரியாணி சமைத்து அழைத்தால், அந்த நண்பர் வெறுந்தட்டுடன் அமர்ந்திருக்க நேரும். கி.பி. 615ஆம் ஆண்டில் மக்காவின் கொடுமை தாளாமல் வெளியேறிய முஸ்லிம்களுக்கு அபயமளித்தவர் அவர்தம் நாட்டுக் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அன்றோ? அந்நாட்டவருக்காக ஒரு பருப்புக் குழம்பை எண்ணெயில் தாளித்து வைப்பது நமக்குப் பெரும் சுமையாகுமா?

பிறர் உணவு நமக்குப் பிடிக்காவிடில் என் செய்வது? அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) வினவினார்கள். அன்று என்றும், தம் மக்களின் நாட்டில் அது இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்றும் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதனை உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம் உண்ணவில்லை, உண்பவரை இழித்துரைக்கவும் இல்லை. கொரியரின் கிம்ச்சியின் மணத்துக்கு மூக்கைப் பொத்தும் நம் பிள்ளைகள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். நம் கருவாட்டின் மணமும் அவருக்குப் புதிதன்றோ?

பெற்றோரே! அயல்நாட்டில் வாழும் உங்கள் பிள்ளைகளுக்குச் சமையல் குறிப்பை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அழைக்கும் முன்னரே ஒவ்வொருவரிடமும் 'நீங்கள் எதை உண்ணமாட்டீர்கள்?' என்று கேட்டறியவும் சொல்லிக்கொடுங்கள். தன் ஹலாலில் உறுதியும் பிறர் விலக்கில் மரியாதையும் உள்ள விருந்தே நம் மார்க்கத்தின் அழகை உரைக்கும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.