பின்வளவில் ஒரு கட்டுமரம்

எமது பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோலத் தாய்மொழியின் சிறப்பைப் பற்றியே நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். முன்னைய மலர்களில் அதைத்தான் எழுதினேன். இம்முறை எனது வீட்டு வேலிக்கு அப்பால், அயலவர் ஒருவருடைய பின்வளவில் ஏழாண்டுகளுக்கு மேலாக எழுந்துகொண்டிருக்கும் படகொன்றைப் பற்றி எழுத விரும்புகின்றேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற தவணையில் எமது பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், என்ரை மகன் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிஞ்சதும் உங்கடை பக்கத்து வீட்டுக் கிழவனோடை நிண்டு பலகை தேய்க்கிறானாம். செலக்டிவ் ஸ்கூல் சோதினைக்கு இன்னும் எட்டு மாசம்தான் கிடக்கு. நீங்கள் சொன்னால் கேப்பான், மறியுங்கோ" என்றார். நான் மறிக்கவில்லை. ஏன் மறிக்கவில்லை என்பதை வாகனத் தரிப்பிடத்தில் நின்ற நிலையில் அவருக்கு விளக்கவும் என்னால் முடியவில்லை. ஆகவே இங்கே விளக்க முற்படுகின்றேன்.

அந்த அயலவர் இங்கு மெல்பேர்னில் ஒரு கார்த் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் பகுதியில் பல்லாண்டுகள் பணி புரிந்தவர். 2017இல் அவுஸ்திரேலியாவில் கார் உற்பத்தி முற்றாக நின்றுபோனது. கையில் தொழிலும், வங்கியில் சிறிது பணமும், முன்னே நீண்டு கிடக்கும் நாட்களும் அவருக்கு எஞ்சின. அடுத்த ஆண்டே தபாலில் வந்த ஒரு வரைபடக் கட்டைப் பிரித்து, 38 அடி நீளமான பாய்மரப் படகு ஒன்றை வீட்டின் பின்னால் கட்டத் தொடங்கிவிட்டார். எங்கள் தெருவிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் மூன்றும் அவருக்குப் "பைத்தியக்காரன்" என்று ஒரே பெயரைத்தான் வைத்தன. நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். 2020இல் நகரம் முழுவதும் முடக்கப்பட்டிருந்த மாதங்களில், வேலிக்கு அப்பாலிருந்து நாள்தோறும் கேட்ட சீவுளியின் ஓசைதான் என்னை முதன்முதலில் வேலியருகே இழுத்துச் சென்றது. அந்நாட்களில் அயலில் மனிதர் உயிரோடு இருக்கின்றார் என்பதற்கு வேறு சான்று இருக்கவில்லை.

அவர் கட்டுவது இரட்டை உடற்படகு. ஒடுங்கிய இரண்டு உடல்களும் குறுக்கு மரங்களால் இணைக்கப்படும். வீட்டு வளவில் பெரிய படகு கட்ட எண்ணுவோருக்கு இதில் ஒரு வசதி இருக்கின்றது. ஓர் உடலை முடித்து ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைக் கட்டலாம். இரண்டையும் தனித்தனியே பாரவண்டியில் ஏற்றிச் சென்று கடற்கரையில் பொருத்தலாம். அதே நீளமுள்ள ஒற்றையுடற் படகாயின், அதை வளவிலிருந்து வெளியே எடுக்க வீட்டுக்கூரைக்கு மேலாகப் பாரந்தூக்கி கொண்டு தூக்க வேண்டி வரலாம். கட்டி முடித்த பின்னரே வாசலை அளந்து பார்த்தவர்களும் உலகில் உண்டு.

வரைபடத்தை ஆக்கியவர் ஜேம்ஸ் வாரம் என்னும் ஆங்கிலேயர். மான்செஸ்ரரில் 1928இல் பிறந்து 2021இல் மறைந்தவர். கடல் கடக்கும் பொலினீசிய மக்களின் இரட்டைத் தோணிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 24 அடிகூட இல்லாத படகொன்றைத் தாமே கட்டி, இரு பெண்களைத் துணையாகக் கொண்டு 1955–56இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். பின்னர் திரினிடாட்டில் 40 அடிப் படகொன்றைக் கட்டி 1959இல் வட அத்திலாந்திக் வழியே திரும்பி வந்தார். அதன்பின் தம் வாழ்நாள் முழுவதும், படகுத் தொழில் பயிலாத சாதாரண மனிதர் தம் கையால் கட்டத்தக்க படகுகளையே வரைந்து விற்றார். அவற்றுள் பலவற்றில் குறுக்கு மரங்களை உடல்களோடு இறுக்குவதற்கு ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை. கயிற்றால் வரிந்து கட்டுகின்றார்கள். இரும்பாணி அலையின் விசையையெல்லாம் ஒரே புள்ளியில் வாங்கி, ஒருநாள் மரத்தைப் பிளந்துவிடும். கயிறோ சற்றே நெகிழ்ந்து கொடுத்து, விசையைப் பகிர்ந்துகொள்ளும்.

இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அயலவர், இந்த வகைப் படகின் ஆங்கிலப் பெயர் உங்கள் மொழியிலிருந்து வந்ததாமே, அதன் பொருள் என்ன என்று கேட்டார். கட்டு என்றால் கட்டுதல், மரம் என்றால் மரம் என்றேன். அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார், நெடுநேரம் சிரித்தார். சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரங்களைப் பற்றி எழுதிய வில்லியம் டாம்பியரின் நூல் 1697இலேயே ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்டது. ஆயினும் மாணவச் செல்வங்களே, இதைக் கொண்டு மேடையில் பெருமை பேசப் புறப்பட்டுவிடாதீர்கள். பெயர் எம்முடையது, இரட்டை உடற்படகோ பசிபிக் மக்களுடையது. எமது கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆனால் கட்டுகின்ற கயிறு இரண்டுக்கும் பொதுவானது.

அயலவர் பலகைகளைத் தைக்கவும் செய்கின்றார். வெட்டிய ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செப்புக்கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, மூட்டின் உட்புறத்தை எப்பொக்சிப் பசையால் நிரப்பி, மேலே கண்ணாடி நார்த்துணி ஒட்டுகின்றார். சென்னைக் கரையில் அலை கடந்து சென்ற மசூலாப் படகுகளின் பலகைகளும் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவையே.

இந்தப் பசை எளிதில் கைவசமாகும் பொருள் அன்று. அவர் வாங்கிய வகையில் பிசின் இரண்டு பங்கு, இறுக்கி ஒரு பங்கு. எமது கரையோர ஊர்களில் பைபர் படகு திருத்துவோர் பயன்படுத்தும் பிசின் வேறு வகையானது; குளிராயினும் அவசரமாயினும் அதற்கு இறுக்கியைச் சில துளி கூட்டிவிடுவார்கள். எப்பொக்சிக்கு அவ்வாறு கூட்டினால் அது விரைவாக இறுகாது, பழுதாகிவிடும். அயலவரும் இதை நட்டப்பட்டே படித்தார். ஓர் ஆடி மாதக் குளிரில் ஒட்டிய முழு நீள மூட்டு, ஒரு கிழமை கழிந்தும் பாகுபோலவே இருந்தது. அவ்வளவையும் சுரண்டி எடுத்து, துடைத்து, மறுபடியும் ஒட்டுவதற்கு மாதம் ஒன்று சென்றது. அவர் ஒருவரையும் ஏசவில்லை. சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, அன்றாடம் பாகையைக் குறிக்கத் தொடங்கினார்.

இத்தகைய முயற்சிகள் பல முடிவு காண்பதில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கண்ணுக்குப் படகு முழுமையாகத் தெரிகின்ற வேளையில், செலவிலும் உழைப்பிலும் பெரும்பகுதி இன்னமும் மிச்சமிருக்கும். பாய்மரம், பாய்கள், இயந்திரம், நங்கூரம், கயிறு, மின்கம்பிகள், சமையலறை, பின்னர் படகை நிறுத்தி வைக்கும் வாடகை என்று அது நீண்டுகொண்டே போகும். உலகின் பல வளவுகளில் புல் முளைத்த படகு உடல்கள் கிடக்கின்றன. அவற்றோடு சில குடும்பங்களும் குலைந்து போயிருக்கின்றன. கடலோடி மகிழ மட்டுமே ஒருவர் விரும்பினால், பழைய படகொன்றை வாங்குவதே மலிவானது என்று எனது அயலவரே சொல்கின்றார். அவர் விரும்பியது கட்டுவதை.

ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் கப்பல் தலைவரின் கதை எமது உயர்வகுப்பு மாணவர் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்காவின் பெயர்ஹேவன் ஊரில், புல்வெளியொன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த பழம்படகு ஒன்று அவருக்கு இனாமாகக் கிடைத்தது. 13 மாதங்கள் உழைத்து, 553 டொலர் 62 சதம் செலவிட்டு, அதை ஏறத்தாழ முழுவதும் புதிதாகக் கட்டி எழுப்பினார். 37 அடிக்குச் சற்றே குறைந்த அப்படகில் 1895இல் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டு, தன்னந்தனியே உலகைச் சுற்றி 1898இல் திரும்பினார். அவ்வாறு உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது பார்க்க வந்த ஊரவர், இதனால் வருமானம் கிடைக்குமா என்று கேட்டார்களாம். அவர் நூலில் அதை வாசித்தபோது, எங்கள் தெருவின் மூன்று தமிழ்க் குடும்பங்களும் என் நினைவுக்கு வந்தன.

இனி எனது குற்றத்தைச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் சமூகக்கல்வி ஆசிரியராக இருந்தேன். வீட்டுவேலை செய்யாது வருகின்ற பிள்ளைகளை, "படிக்காட்டில் கடலுக்குத்தான் போவாய்" என்று பிரம்போடு வெருட்டினேன். அவ்வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தந்தையர் கடலுக்குப் போனவர்கள். தகப்பனோடு சேர்ந்து படகுக்குப் பிசின் பூசிவிட்டுக் கையெல்லாம் வெள்ளையாக வந்த ஒரு பையனை, கழுவிவிட்டு வா என்று வெளியே நிறுத்தியது இன்றும் நினைவிருக்கின்றது. அவன் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை 1936இல் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டியதையும், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததையும் அறிந்திருந்தும், அதை வகுப்பில் ஒருநாளேனும் சொன்னேனல்லேன். சோதனையில் வராத விடயம் என்பதே அதற்குக் காரணம்.

2012இல் நானும் எனது குடும்பமும் படகில்தான் இந்நாட்டுக்கு வந்தோம். பதினாறு நாட்கள். ஒன்பதாம் நாள் பலகை மூட்டொன்று பிரிந்து, இயந்திர அறையில் நீர் ஏறியது. பட்டதாரி ஆசிரியனாகிய நான் வாளியால் நீர் இறைத்தேன்; அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருவர் சாரத்தைக் கிழித்து, கயிற்று நாரோடு திரித்து, எண்ணெயில் தோய்த்து, அந்த இடுக்கில் உளியால் அடித்து ஏற்றினார். அதற்குக் கலப்பற்று என்று பெயர். அச்சொல்லையும் அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டேன். அவர் என்னிடம் படித்தவர் அல்லர். ஆனால் என்னைப் போன்ற ஒருவரிடம் படித்திருப்பார்.

எனது துணைவியார் உடுப்புக் காயப்போடும்போது இன்றும் அந்த வேலிப்பக்கம் திரும்புவதில்லை. இழைத்த மரத்தின் வாசனையும் எண்ணெயின் வாசனையும் அவருக்குப் போதும். அவரிடம் நான் வாதாடுவதில்லை. எமது வகுப்புகளில் உள்ள பிள்ளைகளுள் பலருக்குப் படகு என்பது பெற்றோர் பேச விரும்பாத ஒரு சொல்லாக இருக்கின்றது. அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பதை அவர்கள் எங்கேனும் ஓரிடத்தில் காணட்டும் என்று நினைக்கின்றேன்.

மகனை மறிக்கச் சொன்ன அந்தத் தந்தையாருக்கு நான் கூறுவது இதுதான். உங்கள் மகன் வாரத்தில் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குச் செல்கின்றான். அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். சனி பிற்பகலில் இரண்டு மணித்தியாலத்தை மாத்திரம் அவனுக்கு விட்டுக்கொடுங்கள். அங்கே சென்ற மாதம் ஒரு சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அது சதுரமாக இல்லை, கால் அங்குலம் விலகியிருக்கின்றது என்று கண்டுபிடித்தவன் அவன்தான். முதியவர் மறுபடி அளந்து பார்த்து, அவன் சொன்னது சரியென்று ஏற்று, ஒட்டியதைக் கழற்றினார். தன் அளவுக்காக வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாள் வேலையைக் கழற்றுவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். எனது இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில், சரியான விடைக்கு அவ்வளவு மதிப்பெண் நான் எவருக்கும் கொடுத்ததில்லை. பிள்ளைகள் மின்வாளையும் பசையையும் தொடுவதில்லை. தேய்க்கும்போது முகமூடி அணிகின்றார்கள். நானோ வேறொரு பெற்றோரோ எப்போதும் உடன் நிற்கின்றோம். பெண்பிள்ளைகளும் வரலாம். இதுவரை ஒருத்தியையும் எவரும் அனுப்பவில்லை.

படகு எப்போது கடலைக் காணும் என்று கேட்பவர்களுக்கு, அடுத்த ஆண்டு என்கின்றார் அயலவர். சென்ற ஆண்டும் அதையே சொன்னார். இப்போது இரண்டாவது உடலின் அடிப்புறத்துக்கு நார்த்துணி ஒட்டி முடிந்துவிட்டது. கவிழ்ந்து கிடக்கும் அதை நிமிர்த்த வேண்டும். பாரந்தூக்கிக்குக் கொடுக்கப் பணமில்லை. பழைய டயர்களும் கயிறும் இருபது பேரின் கைகளும் வேண்டும் என்கின்றார். விழா முடிந்து வருகின்ற முதற் சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும், பிற்பகல் இரண்டு மணிக்கு. பெற்றோர்கள் தடித்த சப்பாத்து அணிந்து வரவும். சிறுவர்கள் கயிற்றின் நுனியில் நிற்கலாம். எனது துணைவியார் ரோல்ஸும் தேநீரும் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவை வேலிக்கு இந்தப் பக்கத்தில், எங்கள் வளவில் வைத்தே பரிமாறப்படும்.