நெஞ்சு எந்தத் துறையைச் சேர்ந்தது?

சென்ற ஆண்டு மருத்துவ ஆய்வொன்றில் மொழிபெயர்ப்பு உதவிக்காகச் சில வாரங்கள் அமர்ந்திருந்தேன். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. தாராவியிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர், "நெஞ்சு அடச்சிட்டு வருது தம்பி, படபடன்னு இருக்கு, ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது" என்றார். அதை நான் இந்தியில் சொல்ல, இளம் மருத்துவர் படிவத்தில் 'செஸ்ட் பெயின்' என்று எழுதிக்கொண்டார். ஆச்சி 'வலி' என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. நானும் திருத்தவில்லை, வெளியே வரிசை நீண்டிருந்தது. அந்தக் குற்றவுணர்வே இப்பதிவை எழுதவைக்கிறது.

தமிழில் நெஞ்சு என்பது மார்புக்கூடு; இதயம்; மனம்; சில வேளைகளில் மனச்சாட்சியும்கூட. இதயவியல் துறைக்கும் உளமருத்துவத் துறைக்கும் நடுவே மருத்துவமனை எழுப்பியிருக்கும் சுவர் இச்சொல்லுக்குள் இல்லை. இதைக் காட்டி, 'நம் மக்களுக்கு மனத்துயரைச் சொல்லத் தெரியாது, உடம்பின் மேல் ஏற்றிச் சொல்வார்கள்' என்று முடிப்பது எளிது. நான் அதை ஏற்கவில்லை. ரகுராம், வைஸ் முதலானோர் பெங்களூரில் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு அறிகுறிகள் கூடக்கூட அவமான உணர்வும் கூடியது. உடல் அறிகுறிகளின் பக்கம் அது குறைந்தது. அப்படியானால் நெஞ்சைச் சொல்வது அறியாமையாகாது. எதைச் சொன்னால் ஊர் தன்னை ஒதுக்காது என்று அறிந்தவரின் தேர்வாகவும் அது இருக்கலாம்.

கருவிகளைப் பாருங்கள். ஜெஃப்ரி ரோஸ் 1962இல் வெளியிட்ட நெஞ்சுவலி வினாத்தாள் இன்றும் கள ஆய்வுகளில் புழங்குகிறது. மேட்டில் ஏறும்போதோ விரைந்து நடக்கும்போதோ வலிக்கிறதா என்று அது கேட்கும். தாராவியின் சந்துகளில் மேடு எங்கே? பரணுக்குச் செல்லும் செங்குத்தான இரும்பு ஏணியையோ ரயில் நிலைய நடைமேம்பாலத்தையோ கேட்டால் விடை கிடைக்கும். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 இன்னும் சிக்கலானது. ஒன்பது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10ஐத் தொட்டால் பொதுவாக மேற்கொண்டு கவனிக்க வேண்டியவர் என்று கொள்வார்கள். இதில் தூக்கம், களைப்பு, பசி பற்றிய மூன்று வினாக்கள் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு நோயினாலேயே முழு மதிப்பெண் தரக்கூடியவை. அதுவே 9 ஆகிவிடுகிறது. எஞ்சிய ஒன்றை மொழிபெயர்ப்பாளனின் கவனக்குறைவு தந்துவிடும்.

கடைசி வினா சாவைப் பற்றியது. "எமன் என்னை மட்டும் மறந்துட்டான்" என்பது நம் முதியவர்கள் காப்பி குடித்துக்கொண்டே சொல்லும் பேச்சு. அதைத் தற்கொலை எண்ணம் என்று பதிவது பிழை. வெறும் வழக்குச்சொல் என்று தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய பிழையாகலாம். அங்கே இன்னொரு கேள்வி கேட்க நேரமும் மொழியும் வேண்டும்.

ஒப்புதல் படிவம் தனிக் கதை. பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கூறுகின்றன. நான் கண்ட தமிழ்ப் படிவம் மாட்டுங்காவில் படித்தவர்கள் ரசிக்கத்தக்க தமிழில் இருந்தது: 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்.' அதை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துச் சரிபார்த்தால் பிசகின்றித் திரும்பி வரும். திரும்பி வருகிறது என்பதற்கும் புரிகிறது என்பதற்கும் தொடர்பில்லை. குலுக்கல் சீட்டு என்றிருந்தால் சீட்டுக் கட்டும் எந்தப் பெண்ணுக்கும் விளங்கியிருக்கும்.

அதைவிட அடிப்படையான சிக்கல் எழுத்து. நெல்லையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள். படிப்பதோ தேவநாகரியோ ஆங்கிலமோதான். மூத்தவர்களில் பலர் எதையும் படிப்பதில்லை. ஆகவே 'தமிழ்ப் படிவம் தந்தோம்' என்ற வரி அறிக்கையில் மட்டுமே நிறைவளிக்கிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைப் புத்தம்புதிய மருந்தின் சோதனையில் சேர்க்கும்போது ஒப்புதலை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2019 விதி. வினாத்தாள் ஆய்வுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பேச்சுத்தமிழில் ஒலிப்பதிவு செய்த விளக்கமொன்றைக் காத்திருப்போர் அறையில் கேட்கவைக்க எந்த விதி தடுக்கிறது?

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வு விளைவுகளை மோசமாக்குகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் ஏற்றது. ஆனால் 2,481 பேரைக் கொண்ட என்ரிச்ட் சோதனை, 2003இல், மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்ததால் இறப்பு குறையவில்லை என்று கண்டது. இன்னும் தீராத இக்கேள்விக்குச் சயான் மருத்துவமனை போன்ற நகராட்சி மருத்துவமனைகளுக்கு வரும் மக்களிடமிருந்தும் விடை வேண்டும். அதற்கு முன் அவர்கள் சொன்னது தாளில் ஏற வேண்டும். மொழியியல் துறைகளோ உயிரெழுத்தின் நீட்சியை மில்லிவினாடியில் அளந்துகொண்டிருக்கின்றன. என் முதுகலை ஆய்வேடும் அதுவே.

ஆச்சியின் இ.சி.ஜி. சரியாக இருந்தது. உளமருத்துவப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அறை எண்ணைப் படித்துச் சொன்னேன். "அங்கயும் நெஞ்சைத்தான் பார்ப்பாகளா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.