‘நம்முடைய’ என்னும் சொல் யாருக்குச் சொந்தம்?

ஒரு சரக்கின் மதிப்பைப் படைப்பது விற்பனை உத்தியே என்பது மேலாண்மைக் கல்விக்கூடங்கள் ஓயாது ஓதும் வேதம். உழைப்பு எங்கும் மலிவாகக் கிடைக்கும். மக்கள் மனத்தில் பிராண்டைப் பதிய வைக்கும் சிந்தனையே கிடைத்தற்கரிய செல்வம் என்று அவை போதிக்கின்றன. இந்தப் போதனையின் உண்மை முகத்தைக் காண புனேயின் பஜாஜ் ஆட்டோ நிறுவனத்தின் வரலாறே போதும்.

1972இல் உற்பத்தி தொடங்கிய சேத்தக் ஸ்கூட்டருக்கு நெடுங்காலம் விளம்பரம் பெரிதாகத் தேவைப்படவில்லை. உரிம முறை நிலவிய அக்காலத்தில், முன்பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1980களில் ஜப்பானியக் கூட்டுறவுடன் கைனடிக் ஹோண்டாவும் ஹீரோ ஹோண்டாவும் களமிறங்கின. போட்டி முற்றிய நிலையில், 1989இல் லிண்டாஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ஹமாரா பஜாஜ்’ விளம்பரம் தூர்தர்ஷன் வழியே வீடுதோறும் நுழைந்தது. ‘நம்முடைய பஜாஜ்’ என்பது அதன் பொருள். எஞ்சினின் திறனை விட தேசத்தின் பெருமையையே அது முன்னிறுத்தியது. தனியார் முதலாளியின் சரக்கு நாட்டின் பொதுச்சொத்து போலத் தோற்றம் பெற்றது.

அந்த ‘நம்’மில் ஆகுர்டி ஆலையின் தொழிலாளிக்கு இடம் இருந்ததா? 2007 செப்டம்பரில் அந்த ஆலையில் வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டது. வரிச்சலுகை வழங்கிய உத்தராகண்டின் பந்த்நகரில் புதிய ஆலை எழுந்தது. மோட்டார் சைக்கிளில் மட்டுமே கவனம் செலுத்துவதுதான் சரியான பிராண்ட் உத்தி என்று கூறி, 2009இல் ஸ்கூட்டர் தொழிலிலிருந்து விலகுவதாக நிர்வாகம் அறிவித்தது. பத்தே ஆண்டுகளில், 2019இல், அதே சேத்தக் பெயர் மின்சார ஸ்கூட்டருக்குச் சூட்டப்பட்டது. உத்தி மாறலாம், முதலாளி மனம் மாறலாம். மாற்றத்தின் விலையை மட்டும் ஒவ்வொரு முறையும் தொழிலாளியே செலுத்த வேண்டும்!

2013 ஜூனில் சாகண் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு ரூபாய் விலையில் 500 பங்குகள் வழங்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. ‘நம்முடைய பஜாஜ்’ என்ற முழக்கத்தை அவர்கள் மெய்யென்று எடுத்துக்கொண்டனர் என்றே சொல்லலாம். உற்பத்தியை வேறு ஆலைகளுக்கு மாற்றுவோம் என்று நிர்வாகம் மிரட்டியது. 50 நாட்களுக்குப் பின் போராட்டம் முடிவுற்றது; பங்குக் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அதன்பின் மூன்று ஆண்டுகள் கூட நிறைவடையவில்லை. 2016இல், 1971 போரில் பங்கேற்ற ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் உடைந்த இரும்பைச் சேர்த்துச் செய்த மோட்டார் சைக்கிள் என்று சொல்லி ‘வி’ வண்டி சந்தைக்கு வந்தது. மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்டு, மாலுமிகளின் உயிர்த் தியாகத்தால் புகழ்பெற்ற கப்பல், பெட்ரோல் டாங்கின் விளம்பரமாயிற்று. தேசத்தின் நினைவை விற்கத் தயங்காதவர்கள், அதே வண்டிகளைச் செய்த கைகளுக்கு ஒரு பங்கைத் தரத் தயங்கினர்.

உத்தி வெறும் மாயை என்பதல்ல. மதிப்பு உற்பத்தியில் பிறக்கிறது. விற்பனையில் பணமாகிறது என்று மார்க்ஸ் விளக்கினார். பிறந்த உபரி மதிப்பில் எந்த முதலாளி எவ்வளவு அள்ளுவது என்பதைத் தீர்மானிப்பதில் பிராண்டுக்கு மெய்யான பங்குண்டு. ஆனால் அள்ளுவது வேறு, படைப்பது வேறு. சேத்தக் என்ற பெயருக்கு இன்றும் மவுசு இருப்பதற்குக் காரணம், பல்லாண்டுகள் பழுதின்றி ஓடிய வண்டிகள். அவற்றைப் பூட்டிய கைகள். விளம்பரத்தை எழுதி, வரைந்து, படமாக்குவோரும் கூலி உழைப்பாளிகளே. அவர்கள் தீட்டிய சொல்லும் அவர்களுக்குச் சொந்தமாவதில்லை.

ஆலைத் தொழிலாளியையும் விளம்பரத் தொழிலாளியையும் ஒரே அணியில் திரட்டுவது தொழிற்சங்க இயக்கத்தின் கடமை. ‘நம்முடைய’ என்னும் சொல்லை முதலாளித்துவத்திடமிருந்து மீட்பது அந்த ஒற்றுமையால் மட்டுமே இயலும்.